ஜீப்புக்கு ஒரு ஹீட்டர்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கு வந்தவர்களுக்குத் தெரியும். தலைகுந்தா பக்கம் விடிகாலையில் புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெள்ளையாக இருக்கும். சுற்றுலா வந்தவர்கள் போட்டோ எடுப்பார்கள். எங்கள் அப்பா ஜீப் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருப்பார்.

விடிவதற்குள் கேரட் மூட்டைகள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்க வேண்டும். ஜீப்போ ஹீட்டரே இல்லாத பழைய வண்டி. வெளியே உறைபனியைச் சுரண்டினால், உள்ளே மூச்சுக்காற்று படிந்து மறைக்கும். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துணி. வெந்நீர் ஊற்றலாமே என்று கேட்காதீர்கள், கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

பி.காம். படிக்கிற நான் இதற்கு வழி கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பினேன் :) முதலில் வாங்கியது 12 வோல்ட்டில் ஓடும் 150 வாட் ஹீட்டர். வகுத்துப் பார்த்தால் 12.5 ஆம்பியர். ஜீப்பில் இருந்தது 10 ஆம்பியர் ஃபியூஸ். முதல் நாளே போச்சு. பெரிய ஃபியூஸ் போடலாமா என்று கேட்டதற்கு மெக்கானிக் அண்ணன் திட்டினார், வயர் பற்றிக்கொள்ளுமாம்.

"தம்பி, இஞ்சின்ல ஓடுற தண்ணியே 80 டிகிரிக்கு மேல இருக்கு. அந்தச் சூட்டை ரேடியேட்டர் வழியா சும்மா காத்துல விடுறோம். நீ பேட்டரியை எதுக்கு உறிஞ்சுற?"

பழைய சாமான் கடையில் ஒரு குட்டி ரேடியேட்டரும் புளோயரும் கிடைத்தன. தகரப் பெட்டிக்குள் இரண்டையும் வைத்து, இஞ்சின் தண்ணீரை ஒரு குழாயில் கொண்டுவந்து இன்னொன்றில் திருப்பி அனுப்பினோம். காற்றை வெளியிலிருந்துதான் இழுக்க வேண்டும். குளிர்ந்த வெளிக்காற்றில் ஈரம் குறைவு, சூடானதும் நன்றாகக் காய்ந்துவிடும். முதல் நாள் கண்ணாடி அடியிலிருந்து மெல்லத் தெளிந்ததைப் பார்த்து அப்பா, "பரவாயில்லயே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் குன்னூர் தாண்டி ஒரு வளைவில் குழாய் கழன்றது. காசு மிச்சம் பிடிக்க நான் போட்ட சாதாரண ரப்பர் குழாய். சுடுதண்ணீர் அப்பாவின் பாதத்தில் கொட்டியது, கண்ணாடி முழுக்க ஆவி. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினார். பக்கத்தில் இருந்த எனக்குப் பேச்சே வரவில்லை. கொப்புளம் ஆற இரண்டு வாரம் ஆனது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அப்புறம் குட்டி ரேடியேட்டரை இஞ்சின் பக்கமே மாற்றிவிட்டோம். உள்ளே சூடான காற்று மட்டும்தான் வரும், தண்ணீர் வராது. சூடு தாங்கும் குழாய், இறுக்கமான கிளாம்ப், கோடையில் மூடிவைக்க ஒரு வால்வு. இஞ்சின் சூடாகும்வரை முதல் பத்து நிமிடம் இப்போதும் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

நீங்களும் செய்வதாக இருந்தால் எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், குழாயில் மட்டும் வேண்டாம். நான் மிச்சம் பிடித்தது 120 ரூபாய்.