நாதன் சாலையில் ஒரு கை

ஹாங்காங்கின் கௌலூன் பகுதிக்கு வாசகர்கள் எப்போதாவது செல்ல நேர்ந்தால், சிம் ஷா சுயி சுரங்க ரயில் நிலையத்தின் படிகளில் ஏறி வெளியே வந்ததும் ஒரு பள்ளிவாசல் கண்ணில் படும். நகரின் மிகப் பரபரப்பான கடைவீதியின் ஓரத்தில், வெண்பளிங்கும் நான்கு மினாராக்களுமாக அது அமைதியாக நிற்கிறது. 1896 ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றிய முஸ்லிம் சிப்பாய்களின் தொழுகைக்கென அங்கு முதற்பள்ளி எழுந்தது. இன்றைய கட்டடம் 1984 இல் திறக்கப்பட்டது.

அச்சாலையின் பெயர் நாதன் சாலை. நம் நாட்டவர் ஒருவரின் பெயரோ என்று மகிழ்ந்துவிட வேண்டாம். 1904 முதல் 1907 வரை அங்கு ஆளுநராக இருந்த மேத்யூ நாதன் என்ற ஆங்கிலேயரின் பெயர் அது. ஆயினும் நம்மவர் அங்கே இல்லாமலில்லை. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் இரத்தினக்கல் வியாபாரத்திற்கெனச் சென்று குடியேறிய குடும்பங்கள் உண்டு. லுஹர் தொழுதுவிட்டுச் செருப்பைத் தேடும் வேளையில், "காக்கா, ஊர்ல மழையா?" என்ற குரல் காதில் விழுந்தால் நீங்கள் திடுக்கிட வேண்டியதில்லை.

2018 நவம்பரில் வியாபார நிமித்தமாக அங்குச் சென்றிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, லுஹருக்குப் பின் அப்பள்ளியின் படிகளில் நான் இறங்கியபோது என் சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. பிளாஸ்டிக்கால் ஆன ஒரு முன்கை. மணிக்கட்டில் முறிந்த ஒரு சிறு கை. ஒரு பொம்மையின் உறுப்புகள். முறித்தவன் நானே.

என் மகனுக்கு அப்போது வயது பதினைந்து. அவனுடைய மாமா துபாயிலிருந்து ஓர் அடி உயரமுள்ள சிப்பாய் பொம்மையைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். மூட்டுக்கு மூட்டு அசையும். தலை, கை, பாதம் ஒவ்வொன்றும் தனித்தனியே கழலும். பையன் அதன் சீருடையைக் களைந்துவிட்டு, கைலித் துணியில் ஒரு சாண் கிழித்து இடுப்பில் உடுத்தி, வேறொரு பொம்மையின் தலையைக் கொண்டுவந்து பொருத்தியிருந்தான். ஓரிரவு அவனுடைய படிப்பு மேசையின் மேல் அதைக் கண்டேன். "இது என்ன சிலை? மலக்குகள் வரும் வீடா இது?" என்று சத்தமிட்டுக் கையால் தட்டிவிட்டேன். மார்க்கத்தின் பெயரைச் சொல்லித்தான் கோபித்தேன். ஆனால் அன்று மாலை வந்திருந்த கணக்குப் பரீட்சை மதிப்பெண்தான் என் கோபத்தின் தாய் என்பதை இப்போது ஒளிப்பதில் பயனில்லை. பொம்மை தரையில் விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. அவன் ஒரு சொல்லும் பேசாமல் பொறுக்கி எடுத்துக்கொண்டான். அதன்பின் பல வாரங்கள், கேட்டதற்கு மட்டுமே விடை சொன்னான்.

எங்கள் ஊர் ஆலிம்சாவிடம் சென்று விஷயத்தைச் சொன்னேன். அவர் இரு பக்கத்தையும் எடுத்துரைத்தார். உருவங்களைப் பற்றிய கடுமையான எச்சரிக்கைகள் ஹதீஸ்களில் உள்ளன. அதே வேளையில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் தோழியருடன் பொம்மைகள் வைத்து விளையாடியதும், இறக்கை வைத்த குதிரை பொம்மையைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்ததும் ஹதீஸ்களில்தான் உள்ளன. வாசலில் இருந்த உருவத்தின் தலையை நீக்கி, அதை மரத்தின் வடிவம்போல் ஆக்கிவிடுமாறு ஜிப்ரீல் (அலை) அவர்கள் கூறியதையும் சொன்னார். விளையாட்டுப் பொருளுக்குச் சலுகை உண்டு என்போரும், வளர்ந்த பிள்ளைக்கு அது பொருந்தாது என்போரும் உலமாக்களில் உள்ளனர் என்று விளக்கிவிட்டு, "இதைக் கேட்டுவிட்டு அப்புறம் தட்டியிருக்கலாமே" என்றார். அதற்கு என்னிடம் பதிலில்லை. மறுநாள் வைகறையில் யாஸீன் ஓதும்போது, கைகள் பேசும் என்று வரும் இடத்தில் என் நாவு தடுமாறியது.

ஹாங்காங் பயணம் உறுதியானதும், அங்கே மாற்றுக் கை கிடைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்ட என் மனைவி, மகனின் இழுப்பறையிலிருந்து அந்தத் துண்டுகளை எடுத்து என் பெட்டியில் வைத்துவிட்டாள்.

பள்ளியிலிருந்து வடக்கு நோக்கி நாதன் சாலையிலேயே நடந்தால், ஜோர்டான் வட்டாரத்தைக் கடந்து யாவ் மா டெய் வந்துவிடும். தங்க நகைக் கடைகளும் மருந்துக் கடைகளும் தலைக்கு மேல் நீண்டிருந்த பெயர்ப் பலகைகளும் வழி நெடுகத் தொடர்ந்தன. 530 ஆம் எண் வாசலில் இன்ஸ் பாயிண்ட் என்னும் வணிக வளாகம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம். உள்ளே பொம்மைக் கடைகள், மேலும் பொம்மைக் கடைகள். அவ்வகைக் கடைகள் காலையில் திறப்பதில்லை. பிற்பகலில்தான் ஒவ்வொன்றாகக் கதவு விலகும். அலமாரிகளைச் சிறு கண்ணாடிப் பெட்டிகளாகத் தடுத்துத் தனித்தனி மனிதருக்கு மாத வாடகைக்கு விட்டிருந்தார்கள். அலுவலகம் செல்பவரும் மாணவரும் தம்மிடம் மிஞ்சிய பொம்மைகளை அங்கே வைத்து விற்கிறார்கள். ஒரு பெட்டிக்குள் ஒருவருடைய கடை!

ஒரு மூலைக் கடையில் நான் தேடியது இருந்தது. சிறு நெகிழிப் பைகளில் கைகள். மூடிய முட்டி, விரித்த உள்ளங்கை, சுட்டிக்காட்டும் விரல், எதையோ பற்றுவதற்கென வளைந்த விரல்கள். அடுத்த வரிசையில் பாதங்கள். மேலே தலைகள், அதற்கும் மேலே தலையில்லா உடல்கள். ஆலிம்சா சொன்ன மரங்கள் ஒரு தோப்பாகவே நிற்கின்றன என்று எண்ணிக்கொண்டேன், சிரிப்பும் வந்தது. முழுப் பெட்டியாக வரும் பொம்மையைக் கடைக்காரர்கள் பிரித்து, உடல் ஒரு விலை, கை ஒரு விலை, காலணி ஒரு விலை என உதிரியாக விற்பது அங்கு வழக்கம். வாங்குபவர் பல பொம்மைகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தமக்கு வேண்டிய ஓர் ஆளை உருவாக்கிக்கொள்கிறார். இவற்றின் அளவு மனிதனில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே ஒரு கை ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர். நம் கட்டைவிரலின் பாதி.

இந்த வகைப் பொம்மை அமெரிக்காவில் பிறந்தது. 1964 இல் ஹாஸ்புரோ நிறுவனம் 'ஜி. ஐ. ஜோ' என்ற சிப்பாயை வெளியிட்டது. பொம்மை என்றால் ஆண்பிள்ளைகள் வாங்க மாட்டார்கள் என்று அஞ்சி, 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். அச்சிப்பாயின் வலக்கைக் கட்டைவிரலில் நகம் தவறிப்போய் உட்புறத்தில் அமைந்துவிட்டது. பிழையைத் திருத்தாமல், போலிகளைக் கண்டுபிடிக்கும் அடையாளமாக அதையே வைத்துக்கொண்டார்கள். அந்நாளைய கெட்டிக் கைகளால் எதையும் இறுகப் பிடிக்க இயலாது. 1974 இல்தான் மென்மையான விரல்கள் கொண்ட பற்றும் கை வந்தது. அவ்விரல்களோ எளிதில் ஒடிந்து விழுந்தன. ஓர் உள்ளங்கையைச் செய்வது மனிதனுக்கு எவ்வளவு பாடு பாருங்கள்!

ஹாங்காங்குக்கும் பொம்மைக்கும் உள்ள உறவு பழையது. என் வயதினர், பர்மா பஜாரிலிருந்து வந்த பொம்மையைக் கவிழ்த்து, அடியில் பொறித்த ஹாங்காங் என்ற எழுத்துகளைப் படித்து வளர்ந்தவர்கள். 1960, 70 களில் அங்கே ஆலைகள் மட்டுமன்றி வீடுகளும் பட்டறைகளாயிருந்தன. பிளாஸ்டிக் பூக்களும் பொம்மை உறுப்புகளும் மூட்டைகளாக வீடு வந்து சேரும். இரவில் தாயும் பிள்ளைகளும் கூடி உட்கார்ந்து கோத்துக் கொடுப்பார்கள். மேலப்பாளையத்தில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் நம் பெண்களை நினைத்துக்கொண்டேன். 1980 களில் தொடங்கி ஆலைகள் எல்லை தாண்டிச் சீனாவின் குவாங்தோங் மாநிலத்திற்குப் போய்விட்டன. வடிவமைப்பவர்களும் வியாபாரிகளும், என் எதிரில் அமர்ந்திருந்த கடைக்காரரைப் போன்ற கைத்தேர்ச்சி உள்ளவர்களும் நகரிலேயே தங்கிவிட்டார்கள்.

அவருக்கு என்னைவிட மூப்பு இருக்கும். கைக்குட்டையை விரித்துக் காட்டினேன். முன்கையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டின் முளை உள்ளேயே முறிந்து அடைபட்டிருந்தது. முடியை உலர்த்தும் கருவியை எடுத்துச் சற்று வெப்பக்காற்றைச் செலுத்தினார். ஊசி போன்ற கைத்துளைக் கருவியால் முறிந்த முளையின் நடுவில் மெல்லத் துளையிட்டார். அத்துளையில் மிகச் சிறிய திருகாணி ஒன்றைத் திருகி ஏற்றி, இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தார். முளை வெளியே வந்துவிட்டது. பல் பிடுங்கும் வைத்தியரைக் கண்டதுபோல் இருந்தது எனக்கு.

(உங்கள் வீட்டில் இத்தகைய பொம்மை இருந்தால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். குளிர்ந்த நிலையில் கையைத் திருகி இழுக்கக் கூடாது. சுடுநீரில் ஒரு நிமிடம் வைத்தால் பிளாஸ்டிக் இளகும்; பிறகு நேராக இழுக்க வேண்டும். முளையின் பருமன் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். தளர்ந்தால் முளையில் நகப்பூச்சை ஒரு படலம் தடவிக் காயவிடலாம். இறுகினால் உப்புத்தாளால் தேய்க்கலாம்.)

முளையை எடுத்தபின் அவர் கைகள் நிறைந்த தட்டொன்றை என்முன் வைத்து, தெரிந்த ஆங்கிலத்தில், "என்ன பிடிக்க வேண்டும்?" என்று கேட்டார். துப்பாக்கியா? வாளா? தொலைபேசியா? ஒவ்வொன்றுக்கும் கையால் அபிநயம் செய்து காட்டினார்.

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பொம்மை யார், அதன் கையில் என்ன இருக்க வேண்டும் என்று நான் என் மகனைக் கேட்டதே இல்லை.

ஊரில் அப்போது பிற்பகல் இரண்டு மணி இருக்கும். தொலைபேசியில் அழைத்தேன். மனைவி எடுத்து அவனிடம் கொடுத்தாள். "அந்தக் கை... அது என்ன பிடிக்கணும், வாப்பா?" என்றேன். நம் பக்கத்தில் பிள்ளையையும் வாப்பா என்றே அழைப்போம் அல்லவா? மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. கடைக்காரர் தட்டைத் துடைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"துடுப்பு" என்றான். பிறகு, "அது வள்ளக்காரர், வாப்பா. சிப்பாய் கையில சுட்டுவிரல் நீட்டிக்கிட்டே இருக்கும், துப்பாக்கி விசைக்காக. துடுப்பு நிக்காது. மூங்கில் குச்சியில துடுப்பு செஞ்சு வச்சிருக்கேன், எட்டு மில்லி கனம்" என்று ஒரே மூச்சில் சொன்னான். பல வாரங்களுக்குப் பின் அவன் என்னிடம் பேசிய நீண்ட வாக்கியங்கள் அவைதாம்.

படகு வலிப்பதுபோல் நான் அபிநயித்துக் காட்டினேன். கடைக்காரரின் முகம் மலர்ந்தது. துப்பாக்கிக் கைகளின் தட்டை ஒதுக்கிவிட்டு, கீழ் இழுப்பறையிலிருந்து நான்கு விரல்களும் ஒருங்கே வளைந்த ஒரு சோடியை எடுத்தார். ஒரு பென்சிலை நுழைத்துச் சோதித்து, முன்கையில் பொருத்தி, முன்னும் பின்னும் அசைத்துக் காட்டினார். விலை என் பகலுணவுக்கும் குறைவு. முளையை எடுத்த வேலைக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார். திரும்பிய வழியில் அஸருக்குப் பள்ளியில் நின்றபோது அவருக்காகவும் துஆ செய்தேன்.

ஊர் வந்து கையைக் கொடுத்ததும், அவன் முதலில் அதை ஆராய்ந்தது நிறத்திற்காக. "வெளுப்பா இருக்கு. வெயில்ல நிக்கிற ஆளுக்கு இப்படி இருக்காது" என்றான். உண்மைதான், ஒரு பொம்மையின் கையை மற்றொன்றுக்கு மாற்றுவோர் எல்லாருக்கும் வரும் இடர்ப்பாடு அது. தண்ணீரில் நீர்த்த பழுப்புச் சாயத்தை மூன்று முறை மென்மையாகத் தடவினான். முட்டிகளில் மட்டும் சற்று அடர்த்தியாக. தூரிகையை நான் கழுவிக் கொடுத்தேன்.

என் தாயார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த வள்ளக்காரரை உற்றுப் பார்த்தார்கள். "யாரையும் நெனச்சுச் செய்யலியே?" என்று பேரனைக் கேட்டார்கள். "இல்ல வாப்பும்மா, சும்மா ஒரு ஆளு" என்றான். அவர்களின் கணவர், என் தகப்பனார், இளமையில் வள்ளம் வலித்தவர் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். தொழும் அறையில் அது இருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு அவர்கள் தஸ்பீஹை எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் தொழுவதற்கென்று தனியறை கிடையாது. பாங்கு சொல்லும் ஓசை கேட்டதும் பையன் எழுந்து சென்று, வள்ளக்காரரின் தலையைக் கழற்றி இழுப்பறையில் வைத்துவிட்டு ஒளூச் செய்யப் போவான். தொழுகை முடிந்ததும் திரும்ப மாட்டுவான். துடுப்பு மட்டும் கையிலேயே இருக்கும்.