அறிவிப்பு நேரம்

நாசரேத்தை அடுத்த அந்தச் சிற்றூரில் முதல் மணி அடித்ததுமே கோயில் வாசலில் ஜனம் வரிசை கட்டிவிட்டது. மூன்றாம் மணிக்கு ஓடிவரும் ஊர் அது. அன்று 2020 செப்டம்பர் 6. கொரோனா ஊரடங்கில் மூடிய வழிபாட்டுத் தலங்களை 1ஆம் தேதியிலிருந்து திறக்கலாம் என்று தமிழக அரசு சொன்ன பிறகு வந்த முதல் ஞாயிறு. குருத்தோலைப் பவனியும் ஈஸ்டரும் வீட்டுக்குள்ளேயே கழிந்திருந்தன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஞாயிறு என்றாலே முழு ஊரடங்கு.

வாசலில் இரண்டு வாலிபர்கள் நின்றார்கள். ஒருவர் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டினார், இன்னொருவர் கையில் சானிடைசர் ஊற்றினார். பெயரையும் போன் நம்பரையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை (கோயில் பணியாளர்) எனக்கு முன்னால் நின்ற ஆச்சியைத் தயங்கித் தயங்கி மறித்தார்.

“ஆச்சி, அறுவத்தஞ்சுக்கு மேல உள்ளவங்க வீட்டுல இருக்கணும்னு சொல்லியிருக்காவலா?”

“எனக்கு என்ன வயசுன்னு ஒனக்குத் தெரியுமால?”

கடைசியில் சமரசம் ஆனது. மத்திய அரசின் நெறிமுறையில் அது அறிவுரைதான், தடை இல்லை. வேப்பமரத்தடியில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஆச்சிக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

உள்ளே பாய்களைச் சுருட்டி ஓரமாகச் சாத்தியிருந்தார்கள். தரையில் ஆறடிக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம். அவரவர் துண்டை விரித்து உட்கார வேண்டும். பாமாலைப் புத்தக அலமாரி பூட்டியிருந்தது. பாடகர் குழு பெஞ்சில் யாரும் இல்லை. குழுப்பாடலைத் தவிர்த்துப் பதிவு செய்த பாட்டைப் போடச் சொல்லியிருந்தது நெறிமுறை. காரணம் இல்லாமல் இல்லை. அந்த ஆண்டு மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழுவினர் 61 பேர் ஒரு தேவாலயத்தில் இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தார்கள். அவர்களில் 53 பேருக்குக் கொரோனா கண்டது, இருவர் இறந்தார்கள். பாடும்போது மூச்சோடு வெளியேறும் நுண்துளிகள் மூடிய அறைக்குள் என்ன செய்யும் என்பதை உலகம் அங்கேதான் தெளிவாகப் பார்த்தது.

பென் டிரைவிலிருந்து கீர்த்தனை ஒலித்தது. இரண்டாம் அடியிலேயே முகக்கவசங்களுக்குள்ளிருந்து முனகல் கிளம்பிவிட்டது. ஐயர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார் (சபை குருவானவரை இந்தப் பக்கம் ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள்).

தென்னிந்தியத் திருச்சபை ஆராதனையில் சமாதானம் கை வழியாகத்தான் ஆளுக்கு ஆள் போகும். ஒருவர் உள்ளங்கையை மற்றவர் இரு கைகளாலும் பற்றிக்கொள்வார். அன்று எல்லோரும் இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டுக்கொண்டார்கள். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பருகும் வழக்கமும் நின்றது. ஐயர் அப்பத்தைத் திராட்சரசத்தில் தோய்த்து, விரல் படாமல் உள்ளங்கையில் போட்டார். காணிக்கைப் பை வரிசை வரிசையாக வரவில்லை. வாசலில் உண்டியல் இருந்தது. தொட்டும் பகிர்ந்தும் சபையாக ஆனவர்களிடமிருந்து அந்தத் தொடுதலை முழுக்க எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பதில் அறிவிப்பு நேரத்தில் கிடைத்தது. சாதாரண ஞாயிறுகளில் யாரும் காது கொடுக்காத நேரம் அது. “இந்த வருஷம் அசனம் இல்லை” என்று ஐயர் தொடங்கினார். சபையார் கூடி உண்ணும் விருந்து அது. கூட்டம் சலசலத்தது. அந்தப் பணத்தில் வேலையில்லாமல் இருக்கும் வீடுகளுக்கு, எந்தச் சபை, எந்தச் சாமி என்று பார்க்காமல், அரிசி போகும் என்றார். அடுத்தது காய்ச்சல் முகாம்: செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட வராந்தாவில்.

முகாம் நோட்டீஸ் ஏற்கெனவே சுவரில் ஒட்டியிருந்ததுதான். ஆனால் முகாமில் செய்யும் கொரோனா பரிசோதனை என்றால் வாசலில் தகரம் அடித்து, ஆளை ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் ஊருக்குள் இருந்தது. “எனக்கு நாலு நாளா தொண்டை சரியில்ல” என்று யாரும் சொல்லத் துணியாத காலம். ஐயர் அந்தப் பயத்தைக் கேலி செய்யவில்லை. “முதல் ஆளா நான் மூக்கைக் காட்டுவேன். யார் வீட்டுல தனிமைப்படுத்தினாலும் சாப்பாடு வாலிபர் சங்கம் கொண்டுபோய்க் கொடுக்கும்” என்றார்.

ஆராதனை முடிந்ததும் கிராம சுகாதாரச் செவிலியரும் சபைச் செயலரும் சபைக் குடும்பங்களின் சங்கச் சந்தா நோட்டை விரித்து உட்கார்ந்தார்கள். எந்த வீட்டில் சுகர்க்காரர், யார் தனியாக இருக்கிறார், யார் வீட்டுக்குச் சென்னையிலிருந்து மகன் வந்திருக்கிறான் என்று செயலர் பக்கத்துக்குப் பக்கம் சொல்லிக்கொண்டே போனார். கூட்டத்தைக் கூட்டி நோயைப் பரப்பக்கூடிய அதே உறவு, நோயாளியைத் தேடிக் கண்டுபிடிக்கவும் கைகொடுக்கும். எது நடக்கும் என்பது பீடத்திலிருந்து என்ன பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

முகாமுக்குப் பெயர் கொடுக்க வந்தவர்கள் கோயில் வராந்தாவில் இடைவெளி விட்டு நின்றார்கள். செவிலியர் பேனா மூடியைத் திறந்தபடி சொன்னார்: “வீடு வீடா ஏறி எறங்கியும் ஒருத்தரும் சரின்னு சொல்லல சார். அஞ்சு நிமிஷ அறிவிப்புல வேலை முடிஞ்சிட்டு.”