வலிக்கும் என்று சொல்லும் வேலை

தேக்கா கடைத்தெருவில் அடம்பிடிக்கும் பேரப்பிள்ளையிடம் பாட்டிமார் இன்றைக்கும் சொல்கிறார்கள்: "பேசாம வா, இல்லாட்டி மிஸ்ஸிகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்." நன்றாக இருக்கிற பிள்ளைக்கு அந்த மிரட்டல் அடுத்த கடை வருவதற்குள் மறந்துபோகும். ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைக்கு மறக்காது. லிட்டில் இந்தியா எம்ஆர்டியில் இறங்கி புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கு வந்தாலும் சரி, கென்ட் ரிட்ஜில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனாலும் சரி, ஏதோ தப்புக்குத் தண்டனை வாங்கத்தான் வந்திருக்கிறோம் என்று அது நினைத்துக்கொள்கிறது. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை என்று அந்தப் பிள்ளையை நம்பவைப்பதுதான் சிறார் புற்றுநோய்ப் பிரிவில் ஒரு தாதியின் முதல் வேலை. நம்பவைத்த அதே கையால் ஊசியும் குத்தவேண்டும். எங்கள் கஷ்டங்களில் பெரும்பாலானவை இந்த ஓரிடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய். அதற்கான சிகிச்சை ஏறக்குறைய இரண்டு வருஷம் ஓடும். ஒரு நாள் பொய் சொல்லி ஊசியைப் போட்டுவிடலாம். அடுத்த வாரம் அதே பிள்ளையின் முன்னால் அதே முகத்தோடு போய் நிற்கவேண்டுமே! அதனால் புதிதாக வரும் தாதிகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: "வலிக்காது" என்று சொல்லாதே. எறும்பு கடிக்கிற மாதிரி என்றும் சொல்லாதே. எப்போது வலிக்கும், எத்தனை எண்ணுவதற்குள் முடியும், அதன்பிறகு என்ன என்று சொல். சொன்னபடி நட.

போர்ட்டில் ஊசி ஏற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சின் மேல்பகுதியில், தோலுக்கு அடியில் பொத்தான் அளவில் ஒரு சிறு கருவியை வைத்துத் தைத்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பெரிய ரத்தநாளத்துக்குள் போகும். மரத்துப்போகச் செய்யும் களிம்பை ஒரு மணி நேரத்துக்கு முன்பே தடவி, மேலே பிளாஸ்டர் ஒட்டிவிடுவோம். அந்த ஒரு மணி நேரத்தை அவசரத்தில் சுருக்கினால் பாதிக்கப்படுவது அன்றைய ஊசி மட்டுமில்லை, அடுத்து வரும் பத்து ஊசிகளும்தான். வலிக்கும் எதையும் பிள்ளையின் கட்டிலில் வைத்துச் செய்வதில்லை. அதற்கென்று தனி அறை உண்டு. கட்டில் அதன் இடம், அங்கே யாரும் குத்தமாட்டார்கள் என்று அது நிம்மதியாகத் தூங்கவேண்டும். அறைக்குள் பிள்ளை அம்மாவின் மடியில், அம்மா நெஞ்சில் சாய்ந்து உட்காரும். நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்தான். ஆனால் அந்தப் பிள்ளை அதற்கப்புறம் தாதியின் சீருடையைத் தூரத்தில் பார்த்தாலே வாந்தியெடுக்கும். ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்கிறோம். "அசையாம இருக்கிறது உன் வேலை. கத்துறது உன் இஷ்டம், எவ்வளவு வேணாலும் கத்து." மூன்று விரல்களால் போர்ட்டின் விளிம்பைத் தொட்டு நிலைப்படுத்தி, மூன்று எண்ணி, வளைந்த ஊசியை நேராக இறக்கவேண்டும். தட்டென்று அடியில் முட்டுவது கைக்குத் தெரியும். ரத்தம் திரும்பி வருகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு உப்புநீரை ஏற்றுவோம். அப்போது பல பிள்ளைகளுக்கு வாயில் ஓர் உப்பு ருசி வரும். முன்கூட்டியே, "இப்போ வாய் உப்புக் கரிக்கும் பாரு" என்று சொல்லி, அப்படியே நடந்துவிட்டால் பிள்ளை நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கும். இவங்க சொன்னா சொன்னபடி நடக்குது என்ற நம்பிக்கை அங்கேதான் ஆரம்பமாகிறது.

மருந்தில் நாங்கள் அஞ்சி நடக்கவேண்டியது வின்கிரிஸ்டினுக்கு. அதை ரத்தநாளத்தில் மட்டுமே ஏற்றலாம். ரத்தநாளத்துக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும். தவறி முதுகுத் தண்டில் போய்விட்டால் பெரும்பாலும் உயிர் போய்விடும். முதுகில் போடும் மருந்தும் இந்தப் பிள்ளைகளுக்கு உண்டு என்பதால்தான் இவ்வளவு பயம். வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் எடுக்காமல் சிறிய பையில் கலந்து ஏற்றும்படி உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் எச்சரித்ததன் காரணம் அதுவே: பையைப் பார்த்து யாரும் முதுகுக்கு என்று எடுத்துவிட மாட்டார்கள். இரண்டு தாதிகள் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, பெயர், எடை, உயரம், அளவு எல்லாவற்றையும் சரிபார்ப்போம். அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டாலும் திரும்பமாட்டோம். உறவினர்களுக்கு அது மரியாதைக்குறைவாகப் படும். பொறுத்துக்கொள்ளவேண்டும்.

இந்த வின்கிரிஸ்டின் வருவது நித்திய கல்யாணியிலிருந்து. வீவக அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரங்களில் தொட்டியில் பூத்துக் குலுங்கும் அதே செடி. தாத்தாமார் பப்பாளி இலைச் சாறு, கஷாயம் என்று தூக்குச்சட்டியில் கொண்டுவரும்போது எனக்குக் கைகொடுப்பது இந்தச் செய்திதான். "மூலிகையெல்லாம் சும்மா" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. "உங்க பேரனுக்கு ஏறுறதே மூலிகை மருந்துதான் தாத்தா. ஆனா அதை மில்லிகிராம் கணக்குல அளந்து குடுக்கிறோம். கஷாயத்துல எவ்வளவு என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஏற்கெனவே ஈரல் மருந்தோட போராடிட்டிருக்கு." அநேகமாக அதன்பிறகு தூக்குச்சட்டி திறக்கப்படாமலே வீடு திரும்பும். இன்னொன்றும் சொல்வேன். லுக்கீமியாவுக்கு முதன்முதலாகப் பலன் தந்த மருந்துகளை உருவாக்கிய குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். அவரது குழு தந்த அமினோப்டெரினை வைத்துத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 1948-இல் பிள்ளைகளின் நோயைத் தற்காலிகமாகவாவது தணித்துக் காட்டினார். அந்த வரிசையில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் எங்கள் மருந்து வண்டியில் இருக்கிறது. நம் ஊரில் படித்த ஒருவர் இதில் இருக்கிறார் என்று கேட்டதும் சில அப்பாக்களின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் காய்ச்சல் பயம். வெள்ளையணுக்கள் இறங்கியிருக்கும்போது 38 டிகிரி வந்தால் பாரசிட்டமால் கொடுத்துப் பார்க்கக்கூடாது. காய்ச்சல் இறங்கினாலும் கிருமி இறங்காது. உடனே டாக்சி பிடிக்கவேண்டும். வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்தை ஏற்றிவிடவேண்டும் என்பது எங்கள் கணக்கு. கூட்டத்தில் கிருமி தொற்றும், பிள்ளையை யாரும் தூக்கக்கூடாது என்று தீபாவளி நெருங்கும்போது சொல்வது கஷ்டம். சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு, வீடு முழுக்க விருந்தாளிகள், எல்லாரும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச வருவார்கள். "மிஸ்ஸி வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு என் பேரைச் சொல்லுங்க, பழியை நான் ஏத்துக்கிறேன்" என்று மருமகள்களிடம் சொல்லி அனுப்புவேன். மாமியாரிடம் அவர்களாகச் சொல்லமுடியாததை எங்கள் பெயரால் சொல்லலாம்.

அடுத்த கட்டிலோடு ஒப்பிடுவதும் உண்டு. "அந்தப் பிள்ளைக்கு மருந்து கம்மி, எங்க பிள்ளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் ஆய்வில் முதல்கட்டச் சிகிச்சைக்குப் பின் எலும்பு மஜ்ஜையில் எவ்வளவு நோய் மிச்சமிருக்கிறது என்று அளந்து, மருந்து நன்றாகக் கேட்டவர்களுக்கு அளவைக் குறைத்தார்கள், நோய் அதிகம் மிச்சமிருந்தவர்களுக்குக் கூட்டினார்கள். ஆய்வில் சேர்ந்த எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால், ஆறு ஆண்டுகள் கழித்தும் 100 பேரில் சுமார் 80 பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். அளந்து குறைப்பதற்கும் அளந்து கூட்டுவதற்கும் ஒரே காரணம்தான் என்பதைப் பெற்றோருக்கு ஒரே தடவையில் விளக்கிவிட முடியாது. டாக்டர் சொல்லிவிட்டுப் போனபின் ராத்திரி பதினோரு மணிக்கு எங்களிடம் மறுபடி கேட்பார்கள். மறுபடி சொல்லவேண்டும்.

தமிழ்த் தாதிக்கு ஒரு தனிப் பாரம் உண்டு. பிலிப்பீன்ஸ், மியன்மார் தோழிகளிடம் யாரும் கேட்காததை, தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்: "நீ நம்ம பிள்ளைதானே, உண்மையைச் சொல்லும்மா." டாக்டர் சொல்லாததை நான் சொல்லமுடியாது, தெரியாதது போல நடிக்கவும் முடியாது. "நாளைக் காலையில டாக்டர் வரும்போது நானும் பக்கத்துல நிக்கிறேன், நீங்க இதே கேள்வியைக் கேளுங்க" என்பேன். சொன்னபடி, ஷிஃப்ட் முடிந்தாலும் நிற்பேன். பிள்ளையிடம் நோயின் பெயரைச் சொல்லாதே என்று சத்தியம் வாங்குபவர்களும் உண்டு. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் காதில், வார்டில் வேறு யார் காதிலும் விழாததெல்லாம் விழும். பெரியவர்கள் அழுவார்களே என்று அது தெரியாதது மாதிரி இருக்கும். அந்தத் தனிமையைவிட நோயின் பெயர் கொடியதல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

பிழைக்காத பிள்ளைகள் உண்டு. வீட்டிலேயே இருக்க விரும்பும் குடும்பங்களுக்கு எச்சிஏ அந்திமகாலப் பராமரிப்பு அமைப்பின் ஸ்டார் பால்ஸ் குழு 2012 முதல் வீடு தேடிப் போகிறது. வார்டில் ஒரு பிள்ளை போய்விட்டால், அடுத்த கட்டிலின் நாலு மணி மருந்து நாலு மணிக்குத்தான் ஏறவேண்டும். மற்ற பிள்ளைகள், "அந்த அண்ணன் எங்கே?" என்று கேட்பார்கள். "வீட்டுக்குப் போயிட்டான்" என்று சொல்லிவிடத் தோன்றும். ஊசி விஷயத்தில் உண்மை பேசிவிட்டு இதில் பொய் பேசினால் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களுடைய பெற்றோரிடம் பேசிவிட்டு, இறந்துவிட்டான் என்றுதான் சொல்கிறோம். அதைச் சொல்வதற்கு இரண்டு பேராகப் போகிறோம். ஒருத்திக்குக் குரல் உடைந்தால் மற்றவள் தொடர்வாள்.

குணமாகிப் போகிறவர்களிடம் கடைசியாக ஒரு தாளைக் கொடுக்கிறோம். எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு ஏறியது என்ற கணக்கு அதில் இருக்கும். டாக்சோரூபிசின் போன்ற மருந்துகள் இதயத்தைப் பல வருஷம் கழித்தும் பலவீனமாக்கலாம். அதனால் தேசிய சேவைக்கான மருத்துவச் சோதனையிலும், பிற்காலத்தில் பிரசவத்தின்போதும் டாக்டர்கள் அந்தக் கணக்கைக் கேட்பார்கள். பெற்றோரிடம் மட்டும் கொடுத்தால் போதாது, பிள்ளை கையிலும் ஒரு பிரதி கொடுத்து வரி வரியாகப் படித்துக்காட்டுகிறேன். இதில் இருப்பது உன் உடம்பின் கணக்கு, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதை நீட்டு என்று சொல்லி அனுப்புகிறேன்.