சிங்கப்பூரில் ஒரு நாள், அத்தையுடன்

சிங்கப்பூர் போய் வந்தேன் என்றதும் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டது, "என்ன வாங்கிட்டு வந்தே?" என்றுதான். தைலமும் சாக்லெட்டும் வாங்கினோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல.

2019 மே மாதப் பள்ளி லீவில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். இவர், நான், எட்டாவது படித்த மகன், எழுபது வயசு மாமியார். அத்தை பிறந்தது ரமண மகரிஷி அவதரித்த திருச்சுழி, வாக்கப்பட்டது அருப்புக்கோட்டை. இரண்டு ஊரும் மழையை அண்ணாந்து பார்க்கிற ஊர்கள். குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிய கதையை இன்றைக்கும் சொல்வார்.

நாத்தனார் வீட்டுக்காரருக்கு ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாளிலேயே எல்லாம் காட்டிவிடுகிறேன் என்று கிளப்பினார். காலை ஏழரைக்கெல்லாம் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் இருந்தோம். கூட்டம், கற்பூர வாசனை, வெளியே வந்தால் சரம் சரமாக மல்லிகை. மதுரைக்கே திரும்பி வந்துவிட்டோமா என்றிருந்தது! அங்கே ரூபாய் நோட்டிலும் தமிழில் 'சிங்கப்பூர்' என்று இருக்கிறது. அத்தை ஒரு நோட்டை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, பத்திரமாக முந்தானையில் முடிந்துகொண்டார். இட்லி சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினோம்.

பூமிக்கு அடியில் ஓடுகிற ரயில். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். ஆனால் உள்ளே எதுவும் தின்னக்கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, மீறினால் அபராதம். மகன் பாட்டிலைத் திறக்கப் போனவன் பயந்து பைக்குள் வைத்துவிட்டான். ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கி நடந்தால் மெர்லயன் சிலை. சிங்கத் தலை, மீன் உடம்பு, உயரம் எட்டரை மீட்டருக்கு மேல். 1972-ல் வைத்தது, முதலில் இருந்த இடத்திலிருந்து 2002-ல் இங்கே நகர்த்தினார்களாம். வாயிலிருந்து ஓயாமல் தண்ணீர் கொட்டுகிறது. எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அத்தை மட்டும், "அம்புட்டுத் தண்ணியும் வீணாப் போகுதே தாயி" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. வெளியூரில், அதுவும் வெளிநாட்டில்! நிழலுக்குத் தூக்கிப் போய், துணியைத் தளர்த்தி, காலைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்தோம். நல்ல நினைவு இருந்ததால், நாத்தனார் பையில் வைத்திருந்த உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். அத்தைக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. இருக்கிறவர்களென்றால் சர்க்கரை இறங்கிவிட்டதா என்றும் உடனே பார்க்க வேண்டும். கால் மணியில் தெளிந்துவிட்டார்.

"காலையிலேருந்து என்னத்த குடிச்சீங்க?"

"விடியக்காலம் காப்பி."

"தண்ணி?"

அத்தை பிள்ளையும் மருமகனும் அந்தப் பக்கம் போகும்வரை பேசவில்லை. பிறகு மெல்ல, "குடிச்சா ஒண்ணுக்கு வரும். வந்த எடத்துல யார்ட்டப் போயிக் கேக்குறது?" என்றார்.

என்னால் கோபிக்க முடியவில்லை. அன்று நான் குடித்ததும் இரண்டு வாய்தான். கல்யாண வீடு, மதுரை பஸ், கோயில் கூட்டம் என்று எங்கே கிளம்பினாலும் நாங்கள் செய்வது இதைத்தானே? இப்படிக் குடிக்காமலும் அடக்கியும் வைத்துத்தான் இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு நீர்க்கடுப்பு வந்து, டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சிறுநீரகக் கல்லுக்கும் இதுவே வழி என்றார். போதாததற்கு சிங்கப்பூர் புழுக்கம் வேறு மாதிரி. நம் ஊர் வெயிலில் வேர்வை உடனே காய்ந்துவிடும். அங்கே காயாமல் வழிந்துகொண்டே இருக்கும்.

நாத்தனார் அத்தையைக் கைப்பிடித்து ரயில் நிலையக் கழிவறைக்கு அழைத்துப் போனார். காசில்லை, நாற்றமில்லை. திரும்பி வந்த அத்தையின் முகத்தில் இருந்த நிம்மதியை நான் மெர்லயனிடம்கூடப் பார்க்கவில்லை!

அதற்குமேல் அலையவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி, சாயங்காலம் மெரினா தடுப்பணைக்கு மட்டும் போனோம். புல் வளர்த்த மொட்டை மாடியில் பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். 350 மீட்டர் நீளம், ஒன்பது இரும்புக் கதவுகள். 2008-ல் திறந்தது. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் நல்ல தண்ணீர். ஊரின் ஆறில் ஒரு பங்கில் பெய்கிற மழை இங்கே வந்து சேருகிறதாம்.

எங்கள் மாவட்டத்தைப் போல மூன்று பங்கு மழை பெய்யும் ஊர் அது. ஆனாலும் தேக்க இடமில்லை. 1963-ல் அங்கேயும் மாதக்கணக்கில் தண்ணீருக்கு ரேஷன் இருந்ததாக நாத்தனார் வீட்டுக்காரர் சொன்னார். மலேசியாவின் ஜொகூரிலிருந்து குழாயில் வாங்குவது 1962 ஒப்பந்தப்படி, 2061 வரைக்கும்தானாம். அதனால் கடல் தண்ணீரைக் குடிநீராக்குகிறார்கள். சாக்கடைத் தண்ணீரையும் 2003 முதல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கடைசிச் சங்கதியை மட்டும் அத்தையிடம் யாரும் சொல்லக் கூடாது என்று மகனுக்குக் கண்ணைக் காட்டினேன்.

அத்தை வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் திருச்சுழியில் ஒரு தலபுராணம் உண்டு. பிரளய வெள்ளம் வந்தபோது சிவபெருமான் சூலத்தால் பூமியைத் துளைத்து, வெள்ளமெல்லாம் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கும்படி செய்தாராம். அதனால்தான் ஊருக்கு அந்தப் பெயர்.

"நம்ம ஊர்ல சாமி அம்புட்டையும் பூமிக்குள்ள விட்டுட்டாரு. இவுக கதவு போட்டு நிறுத்திப்புட்டாக" என்றவர், காலிப் பாட்டிலை என்னிடம் நீட்டி, "குழாய்ல புடிச்சுட்டு வா தாயி" என்றார். அன்று ராத்திரிக்குள் மூன்று பாட்டில் குடித்தார். கழிவறை எங்கே என்று அவரே கேட்டுப் போய் வந்தார்.

பத்து நாள் கழித்து மதுரையில் இறங்கி, அருப்புக்கோட்டை பஸ் ஏறினோம். சரியான வெயில். பாட்டிலைத் திறந்து அத்தையிடம் நீட்டினேன்.

"வீட்டுக்குப் போயிக் குடிச்சுக்கிறேன் தாயி."

நானும் குடிக்காமல் மூடி வைத்துவிட்டேன்.