தந்தையின் தொழில்

பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்று விண்ணப்பப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'விவசாயம்' என்று எழுதினேன். கைநாட்டு வைக்க நின்ற அப்பா, "என்னப்பா எழுதியிருக்க?" என்றார். சொன்னேன். "சரிதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நண்பர்களே! என் அப்பா பனையேறி. மணமேல்குடிப் பக்கம் எங்கள் ஊர். தாத்தாவும் அவருடைய அப்பாவும் அதே பனைகளில் ஏறியவர்கள்தாம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். அந்தப் பெருமையோடு ஒரு வெட்கத்தையும் சேர்த்தே ஹாஸ்டலுக்குக் கொண்டு வந்தேன்.

என் அறை நண்பன் கம்பத்துக்காரன். லீவு முடிந்து வரும்போதெல்லாம் பன்னீர் திராட்சை கொண்டு வருவான். "எங்க தாத்தா போட்ட பந்தல்டா" என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டு வந்த கொடி, வருஷம் முழுக்கக் காய்க்கும், 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது என்று அடுக்குவான். நான் பழத்தைத் தின்றுகொண்டு பேசாமல் இருப்பேன்.

ஒருநாள் வேதியியல் வகுப்பில் நொதித்தல் பாடம். திராட்சைச் சாற்றை ஒயினாக்குவது ஈஸ்ட் என்ற கண்ணுக்குத் தெரியாத உயிர். அது சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் இதை விளக்கினார் என்றார் சார். "நம்ம ஊரில் இதற்கு உதாரணம் சொல்லுங்க பார்ப்போம்" என்றார். என்னையும் மீறி வாய் திறந்துவிட்டது.

"சார், கலயத்துல சுண்ணாம்பு தடவலேன்னா பதனீர் கள்ளாயிடும் சார்."

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "சரியாச் சொன்னே! சுண்ணாம்பு இருந்தால் சாறு காரத்தன்மை அடையும். அதில் ஈஸ்ட் பெருகாது. யார் சொல்லிக் கொடுத்தது?"

"எங்கப்பா சார். பனையேறி" என்றேன்.

அந்தச் சித்திரையில் கம்பத்து நண்பனை ஊருக்கு அழைத்துப் போனேன். விடியுமுன்பே அப்பா மரத்தில் இருந்தார். பாளையின் நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கை தப்பினால் பாளை வீண். 1987-லிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. எங்களுக்குப் பதனீரும் கருப்பட்டியும்தான் சோறு. அம்மா பதனீரைக் காய்ச்சிக் கொட்டாங்கச்சியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பனை ஓலைப் பட்டையில் பதனீரை வாங்கிக் குடித்த நண்பன், "யாருப்பா வச்ச மரம்?" என்று கேட்டான்.

"எங்க பாட்டன் போட்ட கொட்டை தம்பி. பாளை விடவே பதினஞ்சு இருபது வருஷமாகும். தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான்னு சும்மாவா சொன்னாங்க?" என்று அப்பா சிரித்தார். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் பலாவையும் சாய்த்தபோது எங்கள் பனைகள் நின்றதையும் சொன்னார்.

அன்று ராத்திரி, "எனக்கும் ஏறக் கத்துக் குடுங்கப்பா" என்றேன். சட்டையில்லாத தன் மார்பைத் தடவிக் காட்டினார். மரத்தில் உரசி உரசித் தோல் காய்த்துப் போயிருந்தது. "இந்தக் காய்ப்பு என்னோட போகட்டும்ப்பா" என்றார்.

என்னால் பதில் பேச முடியவில்லை. அவர் ஏறாவிட்டால் என் படிப்பு இல்லை. நான் படித்துவிட்டால் அந்த மரங்களுக்கு ஆள் இல்லை. இதற்கு விடை எந்தப் பாடப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்று செய்தேன். இந்த ஆண்டு உதவித்தொகைப் படிவத்தில் அதே கட்டத்தில் 'பனைத் தொழில்' என்று எழுதி, அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இதையா எழுதின?" என்றார். பிறகு பெருவிரலை மையில் நன்றாக ஒற்றி, வெகுநேரம் அழுத்தி வைத்தார். பாளை சீவிச் சீவித் தேய்ந்த விரல். ரேகை பாதிதான் விழுந்தது.

நண்பர்களே, உங்கள் படிவத்தில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை