காத்திருப்பின் கூலி

வேலையற்றோருக்கு அரசு பணம் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாகி விடுவர் என்று சொல்வோரைப் பள்ளிவாசல் திண்ணையிலும் கேட்டிருக்கிறேன்; கற்றோர் அவையிலும் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஒரு முறையேனும் அந்த விண்ணப்பப் படிவத்தைப் படித்திருப்பார்களா என்பது ஐயமே. என்னிடம் ஓதிய பிள்ளைகளுக்காக நிரப்பிக் கொடுத்து, எனக்கு அது ஏறத்தாழ மனப்பாடமாகி விட்டது.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, மேல்நிலைக் கல்வி முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. அதுவும் மூன்றாண்டுகளுக்கே. ஆக, ஒரு பட்டதாரிக்கு அரசு செலவிடுவது மொத்தம் 21,600 ரூபாய்; நாளொன்றுக்கு 20 ரூபாய். இதைக் கொண்டு சோம்பியிருக்கும் வித்தை எவருக்குத் தெரியுமோ, நானறியேன்.

இதைப் பெறுவதற்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டுகள் கழிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1911ஆம் ஆண்டுச் சட்டம் வேலையிழந்த தொழிலாளிக்கு முதல் வாரத்தை மட்டும் விலக்கி, அடுத்த வாரம் முதல் ஏழு ஷில்லிங் வழங்கியது. அது தொழிலாளியும் முதலாளியும் அரசும் சேர்ந்து கட்டிய காப்பீடு. நம்முடையது முழுவதும் அரசுப் பணம். அவ்வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு வாரம் எங்கே, ஐந்தாண்டு எங்கே! உதவியின் பெருமையைக் காலத்தைக் கொண்டு அளந்த வள்ளுவர் பிறந்த மொழியில்தான் இவ்விதியும் எழுதப்பட்டிருக்கிறது.

காத்திருப்பதைக் காட்டிலும் என்னை வருத்துவது வேறொன்று. விண்ணப்பிப்பவர் எந்த வேலையும் செய்யாதவராக இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் அவ்வாறே உறுதிமொழியும் தர வேண்டும். பட்டதாரி இளைஞர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், மாலையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். அந்தக் காசில்தான் உம்மாவுக்கு மருந்து வாங்குகிறேன். ஒரு வேலையும் இல்லை என்று எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

போட வேண்டாம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? 600 ரூபாய்க்காகப் பொய்யுறுதி தரச் சொல்ல என் நா எழவில்லை. கணக்கெழுதுவதை விட்டுவிடு என்று சொல்லவும் மனம் வரவில்லை. சோம்பலுக்கு அஞ்சி இயற்றிய விதி, உழைப்பவரை விலக்கி, வெறுங்கையோடு இருப்பவரையே தேடுகிறது.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டலாகாது என்று அதே படிவத்தில் ஒரு வரம்பு உண்டு. விண்ணப்பிப்பவரின் சிறு சம்பாத்தியத்துக்கும் அதுபோல் ஒரு வரம்பு வைத்து, அதற்குட்பட்டதை ஒளிவின்றி எழுதச் சொல்லலாம். அதற்குப் படிவத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தால் போதும்.