மூன்று இலட்சம் கிலோமீட்டர்

2004-ஆம் ஆண்டு டொராண்டோவில், எங்கள் தாயாரின் சக்கர நாற்காலியை ஏற்றப் பின்புறம் அகன்ற கார் தேவைப்பட்டது. கிடைத்ததோ 1993-இல் செய்த வோல்வோ 240 ஸ்டேஷன் வேகன். ஓட்டம் 3,20,000 கிலோமீட்டர். அவ்வெண் எங்களை அச்சுறுத்தியது. ஆனால், விற்க வந்த பெரியவர் பதினோராண்டுப் பற்றுச்சீட்டுகளையும் பெட்டியில் கொணர்ந்தார். டைமிங் பெல்ட் மாற்றிய நாள்கூட அதிலிருந்தது. ஓட்டத்தைப் பார்த்து அஞ்சியது எங்கள் அறியாமையே.

வண்டியை உயர்த்தி, மெக்கானிக் அடித்தகட்டில் திருப்புளியை அழுத்தினார். அது உள்ளே இறங்கியது. பனிக்காலச் சாலையில் தூவும் உப்பு அரித்திருந்தது. எஞ்சினைப் பழுதுபார்க்கலாம், இத்துருவின்மேல் தாயாரை எப்படி அமர்த்துவது?

வேண்டாமென்று சொல்ல நாணினோம். பெரியவர் பெட்டியை மெல்ல மூடினார். எங்கள் சிறிய காரில், பிள்ளைகளுக்கு நடுவே, நாற்காலி இன்னும் ஓராண்டு பயணம் செய்தது.